நடை: ஒரு பாத்திர வியாபாரியின் சொற்கணக்கு

சங்க மலருக்கு ஆய்வுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று செயலாளர் என் கடைக்கு வந்து கேட்டபோது, "நான் பித்தளையும் எவர்சில்வரும் விக்கிறவன், என்கிட்ட ஏது ஆய்வு?" என்றேன். "கல்லாவில உக்காந்து படிக்கிறீங்களே, அதை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். வந்தவாசிப் பக்கத்தில் எங்கள் ஊர் ஜினாலயத்துத் திண்ணையில் ஓர் உபாத்தியாயர் நாலடியாரும் அறநெறிச்சாரமும் சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் நாக்பூர் இத்வாரியில், வியாபாரம் மந்தமான மத்தியான வேளைகளில் நானாகப் படித்தது. குற்றம் இருந்தால் வித்துவான்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம். என் தகப்பனார் 1994ல் காலமானபின் பரணில் கிடைத்தது. துணி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு. அவர் செம்பு, குடம், தாம்பாளங்களை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெள்ளாறு, தேசூர், சேத்துப்பட்டு என்று ஊர் ஊராக நடந்து விற்றவர். சூரியன் அஸ்தமித்தபின் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆகையால் எவ்வளவு தூரம் போனாலும் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பக் கணக்குப் போட்டுத்தான் கிளம்புவார். தப்பினால் அன்று பட்டினி. அவர் நடையின் எல்லையைத் தீர்மானித்தது காலல்ல, சூரியன்.

அந்த நோட்டில் மூன்று பத்திகள். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த வரவு, செலவு. மூன்றாவது பத்தியின் தலைப்பு 'நடை'. ஒரு தேசூர்க்காரர் பெயருக்கு நேரே, பித்தளைக் குடம் ஒன்று, பாக்கி 14 ரூபாய், நடை 11 என்று இருந்தது. ஏதோ சுமைகூலி என்று நினைத்தேன். கிராமத்தில் வண்டி ஒருமுறை போய்வந்தால் ஒரு நடை. "எரு அடிக்க ஆறு நடை ஆச்சு" என்பார்கள். ஆனால் தொகை எதுவும் எழுதவில்லை. என் அத்தை, அப்போது எண்பதைத் தாண்டியவர், கேட்டதும் சிரித்துவிட்டார். "நடைன்னா நடைதான்டா. பாக்கி கேட்டு உங்கப்பன் எத்தனை தடவை நடந்தான்னு குறிச்சு வெச்சிருக்கான். அதுக்கு யார் காசு குடுப்பா?" பன்னிரண்டாவது நடை அந்தப் பக்கத்தில் இல்லை. பாக்கி வந்ததாகவும் இல்லை.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் குறித்து வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் நடை என்ற சொல்லுக்குப் பொருள்கள் வரிசையாக நிற்கும். அகராதி இல்லாமலே வாசக அன்பர்கள் நாலைந்து சொல்லிவிடலாம். வீட்டு வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் உள்ள இடம் நடை. தஞ்சாவூர்க்காரர் ரேழி என்பார்கள். சபரிமலையில் நடை திறந்தது, நடை சாத்தியது என்று பத்திரிகையில் படிக்கிறோம். அங்கே நடை என்பது சந்நிதி வாசல். எழுதுவதில் நடை உண்டு. தாளத்தில் திஸ்ர நடை, கண்ட நடை உண்டு. உரைநடை என்பது இங்கிலீஷ்காரன் வந்தபின் உண்டாக்கிய சொல் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தொல்காப்பியச் செய்யுளியலே உரைவகை நடை நான்கு என்று பேசுகிறது. ஆக, எழுத்து 'நடப்பது' என்ற எண்ணம் நமக்கு மிகப் பழையது. செய்யுளின் வரிக்கு அடி என்று பேர் வைத்ததும் அதே கால்தான்.

ஓர் உயிர் கால் மாற்றி வைப்பதற்கு உண்டான சொல், மனிதனின் குணத்துக்கும் நடத்தை என்று பேராகிவிட்டது. கடையை 'நடத்துகிறேன்'. பஸ்ஸில் சீட்டுக் கொடுப்பவர் நடத்துனர். பாங்கில் நடப்புக் கணக்கு. ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு எட்டு மாதம் 'நடையாய் நடந்தேன்'. அலுவலகத்தின் பெயர் வேண்டாம், ஆண்டவன் பார்த்துக்கொள்வான். உயிர் மட்டும் இருந்து மற்றது எல்லாம் போனவனை நடைப்பிணம் என்கிறோம்.

இங்கே ஒரு வியாபாரியாக எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நம் கணக்கு நோட்டின் முதல் இரண்டு தலைப்புகளுமே நடைச் சொற்கள்தான். வரவு என்றால் வருதல். செலவு என்றால் செல்லுதல். சங்க நூல்களில் செலவு என்ற சொல்லுக்குக் காசு போவது என்ற பொருள் முக்கியமல்ல. தலைவன் வீட்டை விட்டு வழிநடந்து போவதுதான் செலவு. எதற்குப் போகிறான்? பெரும்பாலும் பொருள் தேடத்தான். அன்று பொருள் தேடிச் செல்வது செலவு; இன்று தேடிய பொருள் செல்வது செலவு. புறப்பட்ட தலைவன் அவள் முகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போட்டால் அதற்குச் செலவழுங்கல் என்று தனிப்பெயர். அது போகாமல் இருந்துவிடுவதல்ல, அவளைத் தேற்றுவதற்காகத் தாமதிப்பது என்று தொல்காப்பியர் விளக்கம் வேறு சொல்கிறார். எனக்குக் கல்யாணமான புதிதில் நாக்பூருக்கு எடுத்த ஜி.டி. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை இரண்டு தரம் ரத்து செய்தேன். தொல்காப்பியர் சொன்னதில் பிழையில்லை.

அதைவிட நுட்பமானது கிளவியாக்கத்தில் இருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு சொற்களைத் தொல்காப்பியர் ஒன்றாக எடுத்து வைக்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரிக்கிறார். அதாவது என்னிடமோ உன்னிடமோ வந்து சேருவது வரவு. மூன்றாவது மனிதனை நோக்கிப் போவது செலவு. இலக்கணம் என்று படித்தால் தலை சுற்றுகிறது. என் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் ஒவ்வொரு வரியும் விளங்குகிறது. என் பெட்டிக்கு வந்தது இடப்பக்கம், எவனுக்கோ போனது வலப்பக்கம். தொல்காப்பியர் எந்தக் கடையிலும் கணக்கு எழுதியிருக்க மாட்டார். ஆனால் கணக்கு எழுதினவர்கள் அவர் இலக்கணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

காசும் நடந்தால்தான் காசு. நடக்காத காசு செல்லாக்காசு. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் 'செல்லாது' என்று அறிவித்தபோது, இத்வாரியில் அன்று கடை மூடாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் முழுப்பொருளும் தெரிந்தது. நோட்டு அங்கேயே கிடந்தது, அதன் கால்தான் போயிற்று.

நடையைப் பற்றி எழுதுகிறவன் சிலப்பதிகாரத்தைத் தொடாமல் போகமுடியாது. நம் காப்பியங்களில் இவ்வளவு தூரம் கால்நடையாகப் போகும் கதை வேறில்லை என்பது என் எண்ணம். கோவலனின் தகப்பன் பெயரே மாசாத்துவான். சாத்து என்றால் வணிகர் கூட்டம். பொதியும் வண்டியுமாகச் சேர்ந்து வழிபோகிறவர்கள். அவர்கள் தலைவனுடைய பிள்ளையும் மருமகளும் துணைக்கு ஒரு பொதிமாடு கூட இல்லாமல் புகாரிலிருந்து விடியுமுன் கிளம்புகிறார்கள். ஒரு காவதம் நடந்ததுமே கண்ணகி மூச்சு வாங்கி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். இன்னும் முப்பது காதம் இருக்கிறது. கோவலன் சிரித்துக்கொண்டே ஆறைங்காதம், கிட்டத்தான் என்கிறான். ஆறு பெருக்கல் ஐந்து என்று கணக்குப் போட்டால் முப்பது. சட்டென்று காதில் விழும்போது ஐந்தோ ஆறோ என்றுதான் கேட்கும். பழைய உரைகாரர்களும் இந்த மறைப்பைக் கவனித்திருக்கிறார்கள். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. பரம்பரை வியாபாரியின் வாய். அவளுக்குத் தைரியம் சொல்ல அவனிடம் அன்று மிச்சம் இருந்த முதல் அது ஒன்றுதான்.

காதம் என்பது வெறும் கவிச்சொல் அல்ல. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த ஒரு மைல்கல், 13ஆம் நூற்றாண்டினது, அதியமான் பெருவழியில் நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. எழுத்துக்குக் கீழே குழிகள் வெட்டியிருக்கிறது. பத்துக்கு ஒன்றாகப் பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. எழுத்தறியாதவன் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இருட்டில் வந்தவன் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம் என்று நான் நினைத்துக்கொள்வேன். கோயமுத்தூர்ப் பக்கம் ராஜகேசரிப் பெருவழிக்கும் கல்வெட்டு உண்டு. எங்கள் நாக்பூரில் ஜீரோ மைல் என்ற கல்தூணும் நான்கு குதிரைகளும் பிரசித்தம். வருகிறவர்கள் எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் படிக்கத் தெரியாதவனுக்கென்று குழி வெட்டின மனசு அந்தத் தருமபுரிக் கல்லில்தான் இருக்கிறது.

புகாரிலிருந்து வந்தவர்களோடு வழியில் சேர்ந்துகொள்கிற கவுந்தியடிகள் எங்கள் சமயத்துத் துறவி. அடிகள் என்ற பட்டத்தைக் கவனியுங்கள். ஒரு பெரியவரை நாம் முகத்தால் அழைப்பதில்லை, தலையால் அழைப்பதில்லை, பாதத்தால் அழைக்கிறோம். எழுதினவர் இளங்கோவடிகள், நடந்தவர் கவுந்தியடிகள். பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியர் பாதத்தை இன்றும் கும்பிடுகிறோம். திருக்குறளின் மூன்றாவது பாட்டில் மலர்மேல் சென்றவன் என்று வருவது அருகனைத்தான் என்பது எங்கள் வீட்டுப் பாடம். பரிமேலழகர் அன்பர் உள்ளமாகிய தாமரை என்று சொல்லிவிட்டார். அந்தச் சண்டைக்கு இந்த மலரில் இடமில்லை. யாராய் இருந்தாலும் வள்ளுவர் முதலில் கண்டது அடியைத்தான்.

கவுந்தியடிகள் வழித்துணையாக வருவதற்கு முன் அந்த வழியின் சங்கடங்களை எடுத்துச் சொல்கிறார். கிழங்கு தோண்டின குழியைச் செண்பகப்பூ மூடியிருக்கும், கால் தவறும். கீழே பார்த்துக்கொண்டே போனால் பலாப்பழம் தலையில் முட்டும். இதெல்லாம் நடக்கிறவனுக்கு வரும் ஆபத்து. பிறகு அவர் திரும்பி, நடக்கிறவனால் வரும் ஆபத்தைச் சொல்கிறார். வயல்வழி போகும்போது நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கிவிட்டால் அந்தத் துன்பத்தைத் தாங்க முடியாது என்கிறார். அங்கே நடைக்கு அவர் ஆளும் சொல் ஒதுக்கம். பழந்தமிழில் ஒதுங்குதல் என்றால் மெல்ல நடத்தல். இன்று ஒதுங்கு என்றால் வழியை விடு என்று பொருள். இட ஒதுக்கீடு என்பது அரசியல். நடப்பதும் இன்னொரு உயிருக்கு வழிவிடுவதும் ஒரே சொல்லில் இருந்த காலம் ஒன்று உண்டு போலும்.

எங்கள் துறவிகளுக்கு இதற்கு ஒரு விதியே உண்டு. ஈரியா சமிதி என்பது அதன் பெயர். ஒரு நுகத்தடி நீளம், அதாவது நான்கு முழம் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு, வெளிச்சத்தில், உயிர் மிதிபடாமல் நடக்கவேண்டும். வாகனம் கூடாது. இரவில் நடை கூடாது. மழைக்காலத்தில் மண்ணெல்லாம் உயிர்கள் என்பதால் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கவேண்டும், அது சாதுர்மாஸ்யம். மற்ற எட்டு மாதமும் நடைதான். அந்த நடைக்கு விஹாரம் என்று பேர். பௌத்தர்களிடம் அதே சொல் துறவிகள் தங்கும் இடத்துக்குப் பேராகி, பிறகு பீகார் என்று ஒரு மாநிலத்துக்கே பேராகிவிட்டது. ஒருவருக்கு நடப்பது, ஒருவருக்குத் தங்குவது, சொல் ஒன்று.

இந்த விதியோடு சிலப்பதிகாரத்தைப் படித்தால் ஓர் இடத்தில் எனக்கு நெடுநாள் சந்தேகம். உறையூரைத் தாண்டித் தெற்கே போகும்போது, வெயிலும் கொதிக்கும் மண்ணும் கண்ணகியின் பாதத்துக்கு ஆகாது, பாண்டிய நாட்டில் இரவிலும் பயமில்லை, நிலவில் நடப்போம் என்று கோவலன் கேட்கிறான். கவுந்தியடிகள் உடன்படுகிறார். துறவி இரவில் நடக்கலாமா? நத்தைக்காக அவ்வளவு பேசினவர் நிலவு வெளிச்சத்தில் நான்கு முழத்தை எப்படிப் பார்த்தார்? எனக்குத் தெரிந்த ஒரு பண்டிதரிடம் கேட்டேன். காவியத்தில் விதியைத் தேடாதே என்றார். எனக்கு அது போதவில்லை. அறுபது வயதுக்கு மேல் எனக்குத் தோன்றுவது இதுதான்: அம்மையாருக்கு விதி மறக்கவில்லை. நண்டின் மேல் படும் கால் எவ்வளவு முக்கியமோ, சூட்டில் படும் கால் அவ்வளவு முக்கியம் என்று அவர் கண்டுகொண்டார். இளங்கோவடிகள் இதை விளக்கவில்லை. நிலவு வந்தது, நடந்தார்கள் என்று விட்டுவிட்டார்.

வடமொழிப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். 'சர்' என்ற வினைவேருக்கு நடத்தல், திரிதல் என்று பொருள். அதிலிருந்து வந்த குடும்பம் மிகப் பெரிது. சஞ்சாரம், ஆசாரம், ஆசாரியர், பிரசாரம், உபசாரம் எல்லாம் அந்த வயிற்றுப் பிள்ளைகள். வானில் நடக்கும் முனிவர்கள் சாரணர். சிலப்பதிகாரத்தில் அரங்கத்தருகே கவுந்தியடிகள் முன் தோன்றுவார்கள். இன்று பள்ளிக்கூடத்தில் கழுத்துத் துணியோடு சாரணர் இயக்கத்துப் பையன்கள் நடக்கிறார்கள். எங்கள் மும்மணிகளில் மூன்றாவது நல்லொழுக்கம், வடமொழியில் சாரித்திரம். சரித்திரம் என்ற சொல்லுக்கு வேதகால வடமொழியில் கால் என்றே பொருள் இருந்தது. காலிலிருந்து நடத்தை, நடத்தையிலிருந்து வரலாறு. 'வரலாறு' என்ற தமிழ்ச்சொல்லும் வந்த வழியைத்தானே சொல்கிறது.

மராத்திய நாட்டில் வாழும் நமக்கு வாரி தெரியும். ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பாதுகையும், தேஹுவிலிருந்து துக்காராம் பாதுகையும் பல்லக்கில் போக, லட்சக்கணக்கானவர்கள் ஏறக்குறைய மூன்று வாரம் நடந்து ஆடி ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேருகிறார்கள். ஊர்வலம் நகரும்போதும் தூக்கிச் சுமப்பது பாதுகையைத்தான். வாரி என்றால் விடாமல் போய்வருதல். எங்கள் ஊர் 'நடை'க்கு இதைவிடச் சரியான மராத்திச் சொல் எனக்குத் தெரியவில்லை. வாரகரிகளின் நடை பண்டரிபுரத்தில் முடியும் அந்த ஏகாதசிக்கு மூன்றாம் நாள் சதுர்தசியில்தான் எங்கள் திகம்பர முனிகளும் நடையை நிறுத்தி மழைக்காலத் தங்கலைத் தொடங்குகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் நடை அரசியலாயிற்று. இது எல்லோருக்கும் தெரிந்ததால் சுருக்கிவிடுகிறேன். 1930 மார்ச் 12ல் காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்கு. அதே ஏப்ரல் 13ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு, சுமார் 150 மைல். எட்டு வருடம் கழித்து ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்து இந்தியைக் கட்டாயமாக்கியபோது, அதை எதிர்த்துத் தமிழர் படை நடந்து கிளம்பியதும் அதே திருச்சியிலிருந்துதான்: 1938 ஆகஸ்ட் 1ல் புறப்பட்டு செப்டம்பர் 11ல் சென்னை. 1951ல் வினோபா பாவே போச்சம்பள்ளியில் நிலம் கேட்டுத் தொடங்கினார். முதலில் நடந்தவர்களுடையது யாத்திரை. பிற்காலத்தில் நம்மவர் நடைப்பயணம் என்றார்கள். யாத்திரையில் கொஞ்சம் புண்ணியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடைப்பயணத்தில் வியர்வை மட்டும்தான்.

இனிச் சொல்வது வரலாற்று நூலில் என் கண்ணில் படாதது, என் கடை வாசலில் நடந்தது.

இந்தியிலும் மராத்தியிலும் 'சல்' என்ற வேர் நம் 'நட' செய்கிற வேலை அத்தனையும் செய்கிறது. கடை சல்தீ ஹை. குணம் சால்சலன். நடப்புக் கணக்கு சாலூ காத்தா, எழுத்துக்கு எழுத்து அதே கருத்து. நம் வியாபாரிகள் வாயில் புரளும் சலான் கூட அந்த வேரில் வந்ததே. மராத்திக்காரர் 'காய் சால்லய்' என்று கேட்டால் என்ன நடக்குது என்று பொருள். ஓர் இடத்தில் மட்டும் நாமும் அவர்களும் பிரிகிறோம். விடைபெறும்போது தமிழன் 'வரேன்' என்கிறான். போகிறேன் என்பது அபசகுனம், வாய்தவறிச் சொன்னால் வீட்டில் அதட்டுவார்கள். இந்திக்காரர் 'சல்தா ஹூம்' என்கிறார். நடக்கிறேன் என்று அர்த்தம்.

என் கடையில் ஒரு ஹமால் இருபது வருடத்துக்கு மேலாக மூட்டை தூக்குகிறார். மத்தியப்பிரதேசத்தில் சியோனிக்கு அப்பால் ஒரு கிராமம். தினமும் சாயந்தரம் "சல்தா ஹூம், அண்ணா" என்பார். நான் கணக்கிலிருந்து தலை தூக்காமல் "அச்சா" என்பேன். 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். கடை திறக்க வழியில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். தங்கியிருந்த அறைக்கு வாடகை கேட்கிறார்கள் என்றார். நான் கணக்குப் பார்த்து, அந்த மாதச் சம்பளம் பூராவும், மேலே ஆயிரம் ரூபாயும் கொடுத்தேன். வரவு செலவில் ஒரு பைசா பாக்கி இல்லாமல் நேர்செய்தேன். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. நோய் பயம், வீட்டில் என் தாயார். அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "சல்தா ஹூம், அண்ணா" என்றார். நான் "அச்சா" என்றேன்.

பஸ் இல்லை, ரயில் இல்லை. தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1 முதல்தான் ஓடின. அதற்குமுன் லட்சக்கணக்கானவர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். நாக்பூர் வழியாகவும் நடந்தார்கள். சியோனி இங்கிருந்து 125 கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் பெஞ்ச் காடு, புலி உள்ள காடு. டெலிவிஷனில் சாலையைக் காட்டும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். சல்தா ஹூம் என்பதற்கு நேரான பொருளை, நான் கேட்ட அத்தனை வருடத்தில் அந்த ஒருநாள்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்டில் திரும்பி வந்தார். இளைத்திருந்தார். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். "நாலு ராத்திரி" என்றார். பகலில் வெயில், போலீஸ் தொந்தரவு வேறு. ஆகவே ராத்திரியில் நடந்தோம், நிலா இல்லை என்றார். அமாவாசை மார்ச் 24ல் கழிந்திருந்தது, அவர் சொன்னது சரிதான். வழியில் ஒரு கிராமத்தில் ரொட்டி கொடுத்தார்களாம். ரப்பர் செருப்பு இரண்டாம் ராத்திரியே அறுந்துபோயிற்றாம். இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே கோடவுனில் தட்டு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குக் கவுந்தியடிகள் நினைவு வந்தது. அவர் இரவு நடைக்கு உடன்பட்டது பெரிதில்லை, உடன் நடந்தார் என்பதே பெரிது என்று பட்டது. மேலே பண்டிதரை மறுத்து எழுதினேனே, அந்த விடை எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததல்ல.

அந்த ராத்திரி அப்பாவின் நோட்டை எடுத்தேன். பின்பக்கங்கள் காலியாக இருந்தன. ஹமாலின் பெயரை எழுதி, மூன்றாவது பத்தியில் நடை 1 என்று குறித்தேன். பிறகு அதை அடித்து, இரவு 4 என்று திருத்தினேன். அடுத்த மாதம் எங்கள் கணக்கர் வந்தபோது, அவருக்கு நாலு நாள் கூலி எழுதவேண்டும் என்றேன். எந்த மாதத்துக்கு என்றார். ஏப்ரலுக்கு என்றேன். ஏப்ரலில் கடையே இல்லையே, டாலியில் இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டார். பேசிப் பேசிக் கடைசியில் 'வழிச்செலவு' என்று போட்டுக்கொண்டார். பணத்தை அவரிடம் கொடுத்தபோது, "இது எதுக்கு அண்ணா?" என்றார். எனக்கு இந்தியில் சொல்ல வரவில்லை.

அவர் இப்போது மாடி அறையில் இருக்கிறார். சாயந்தரம் கடையை மூடினதும் படியேறுவதற்குமுன் பழக்கதோஷத்தில் "சல்தா ஹூம்" என்பார். எங்கே, மாடிக்குத்தானே என்று என் பேத்தி சிரிப்பாள்.